தேதியோடு ஒரு சாட்சி

ஜன்னல் ஓரம் வேணுமா தம்பி? எடுத்துக்குங்க, நான் இப்படித் தள்ளிக்கிறேன். எனக்கு வெளியே பாக்குறதுக்கு ஒண்ணும் இல்லை. திண்டுக்கல்லேருந்து சென்னை வரைக்கும் எந்தக் கல்யாண மண்டபத்துல எவன் செஞ்ச ஆம்ப்ளிபையர் கிடக்குதுன்னு எனக்கு மனப்பாடம். பாத்தா வயிறுதான் எரியும்.

இந்தப் பையை மட்டும் மேல வைக்கச் சொல்லாதீங்க. கண்டக்டர் சொல்லிப் பாத்து அலுத்துட்டார். மடியிலேயே இருக்கட்டும். கைக்குழந்தையா இருந்தாக்கூட மேல வச்சிருப்பேன்.

நீங்க போன்ல பாட்டு கேட்டுக்கிட்டு இருக்கீங்களே, அதுக்குள்ள அரிசி அளவுக்கு ஒரு சில்லு இருக்கு, தெரியுமா? டிஜிட்டல் ஆம்ப்ளிபையர். ஆமா, அதுவும் ஆம்ப்ளிபையர்தான். பழைய ஆம்ப்ளிபையர் எல்லாம் அடுப்பு மாதிரி. பாதி கரன்ட் பாட்டாகும், பாதி கரன்ட் சூடாகும். மார்கழி மாசம் மேல உக்காந்து குளிர் காயலாம். டிஜிட்டல்ல அந்தக் கதை கிடையாது. உள்ளே ரெண்டு சுவிட்ச். ஒண்ணு திறந்தா ஒண்ணு மூடும். கண்ணை மூடித் திறக்குறதுக்குள்ள லட்சம் தடவை. அவ்வளவுதான் விஷயம். அந்த ரெண்டு சுவிட்ச் இருக்கே, அது மாமியாரும் மருமகளும் மாதிரி. ஒருத்தி அடுப்படியை விட்டு வெளியே போன பிறகுதான் இன்னொருத்தி உள்ளே வரணும். ரெண்டு பேரும் ஒரே நேரத்துல உள்ளே இருந்தா வீடு தீப்பிடிச்சிரும். சரி, ரொம்ப நேரம் கழிச்சு வரட்டும்னு விட்டாலும் பால் பொங்கி வழிஞ்சிரும், சத்தம் கரகரன்னு ஆயிரும். அதனால நடுவுல ஒரு இடைவெளி. துளியூண்டு. அந்த இடைவெளியைச் சரியா வைக்கிறதுலதான் தம்பி உலகத்துல உள்ள ஆம்ப்ளிபையர்காரன் எல்லாம் மண்டையை உடைச்சுக்கிறான்.

நானும் உடைச்சுக்கிட்டேன். என் பேர் சிங்கராயர். சிங்கராயர் சவுண்ட்ஸ். கேள்விப்பட்டதில்லையா? பரவாயில்லை. நீங்க திருவிழாவுக்குப் போறவர் இல்லை போல.

எங்க பக்கம் கோயில் திருவிழான்னா தேர்பவனி. கரன்ட் எல்லாம் ஜெனரேட்டர்லதான். தேர் கிளம்புறப்ப சீரியல் லைட்டு அத்தனையும் ஒரே நேரத்துல போடுவான். ஜெனரேட்டர் மூச்சு வாங்கும். அந்த நேரம் பாத்து ஃபாதர் மைக்கைப் பிடிப்பார். கரன்ட் இறங்கினதும் ஆம்ப்ளிபையருக்குள்ள அந்த இடைவெளி கணக்கு தப்பிரும். ஃபாதர் ஜெபம் சொன்னா தகரத்தைத் தரையில இழுக்குற மாதிரி கேக்கும். சனங்க சாமியைப் பாக்க மாட்டாங்க, என்னைத் திரும்பிப் பாப்பாங்க.

இதுக்கு நான் கண்டுபிடிச்சேன் ஒரு வழி. ஜெனரேட்டர்லேருந்து ஒரே ஒரு ஒயர். அது கரன்ட் இறங்குறதை முன்கூட்டியே பாத்து உள்ளே சொல்லிரும். உள்ளே இடைவெளி தானாச் சுருங்கி விரிஞ்சு சரி பண்ணிக்கும். சீரியல் லைட்டைப் போடு, அணை, என் பெட்டி அசையாது. ஒரு ஒயர். அந்த ஒரு ஒயர்தான் தம்பி என் வாழ்க்கை.

கூட யாரு இருந்தாங்களா? யாரும் இல்லை. மச்சினன் ஞானப்பிரகாசு இருந்தான், அவ்வளவுதான். என் வீட்டுக்காரி லூர்துவோட தம்பி. ஐ.டி.ஐ. முடிச்சுட்டு நம்மகிட்டதான் கிடந்தான். ஈயம் வச்சு ஒயரைப் பத்த வைப்பான், ஸ்க்ரூ முடுக்குவான், நடுநடுவுல வாய்ல வந்ததைச் சொல்லுவான். பிறவியிலேயே வாய் சும்மா இருக்காது அவனுக்கு. அப்படிப்பட்டவன் ஒருநாள் என்ன கேட்டான் தெரியுமா? பெட்டிக்கு முன்னால 'சிங்கராயர்'னு எழுதச் சொல்லிப் பெயின்டரைக் கூப்பிட்டிருந்தேன். வந்து நின்னுக்கிட்டு, "மச்சான், கீழ சின்னதா 'பிரகாஷ்'னு ஒரு வரி போட்டுக்கலாமா?"ங்கிறான்.

"எதுக்குடா?"ன்னேன்.

"சும்மா. ரெண்டு பேரும் சேந்துதானே செஞ்சோம்."

சேந்து செஞ்சோமாம். கொத்தனாருக்குக் கல்லு எடுத்துக் குடுத்தவன் எல்லாம் வீட்டுக்குப் பேர் வைக்கலாம்னா, ஊர்ல வீட்டுக்கு வீடு நாலு பேர் இருக்கும். நான் அதைத்தான் சொன்னேன். ஒண்ணும் தப்பாச் சொல்லலை. அடுத்த வாரம் கடைக்கு வரலை. அதுக்கடுத்த மாசம் வத்தலக்குண்டு ரோட்டுல 'பிரகாஷ் ஆடியோ'ன்னு போர்டு. அதே பெட்டி. அதே ஒயர். என் பெட்டியை விட விலை குறைச்சல் வேற.

கேக்கணுமே லூர்து பேசுன பேச்சை. "உங்க பெட்டியில அவன் பேரு ஒரு ஓரமா இருந்தா உங்க பேரு கரைஞ்சா போயிரும்?"னா. பொம்பளைங்களுக்குத் தம்பின்னா கண்ணு தெரியாது. நான் மனசுக்குள்ள முடிவு பண்ணினேன். அடிதடி வேணாம். பஞ்சாயத்து வேணாம். சட்டம். பேட்டன்ட் வாங்கி அவன் கடை போர்டைச் சட்டப்படி இறக்கணும். ஞாயித்துக்கிழமை பூசை முடிஞ்சு கோயில் வாசல்ல நின்னு எல்லார் முன்னாலயும் சொன்னேன்: "பேட்டன்ட் வர்ற அன்னிக்கு வத்தலக்குண்டு ரோட்டுல ஒரு கடை மூடும். அதுவரைக்கும் அந்தக் கடைக்காரன் வீட்டு வாசப்படியை நானும் மிதிக்க மாட்டேன், என் வீட்டுக்காரியும் மிதிக்க மாட்டா." லூர்து என்னை ஒரு பார்வை பாத்தா. பெருமையா இருந்திருக்கும்.

மணப்பாறை வந்துருச்சு. முறுக்கு வாங்குறீங்களா? வேணாமா? நல்லது. ஜன்னல் வழியா விக்கிறது எல்லாம் நேத்தைய முறுக்கு.

பேட்டன்ட்னா லேசுன்னு நினைக்காதீங்க. அதுக்குன்னு தனி வக்கீல். மாம்பலத்துல ஒரு மாடியில ஆபீஸ், கீழே ஜாக்கெட் தைக்கிற கடை. சம்யுக்தான்னு ஒரு பொண்ணு. என் மக இருந்திருந்தா அந்த வயசுதான். எஞ்சினியரிங்கும் படிச்சிருக்கு, சட்டமும் படிச்சிருக்கு. ரெண்டு படிச்சா ரெண்டும் அரைகுறைன்னு நான் மனசுக்குள்ள நினைச்சுக்கிட்டேன், வெளியே சொல்லலை. முத நாளே ஒரு கேள்வி கேட்டுச்சு.

"சார், விண்ணப்பம் போடுறதுக்கு முன்னாடி இதை வெளியில எங்கேயாவது காட்டியிருக்கீங்களா? பத்திரிகை, கண்காட்சி, இன்டர்நெட், எங்கேயாவது?"

எனக்குச் சிரிப்பு வந்துச்சு. "என்ன பாப்பா கேக்குற? தொழில் ரகசியத்தை எவனாவது வெளியே காட்டுவானா? பெட்டியைக்கூட நான் சீல் வச்சுத்தான் விக்கிறேன்"னேன்.

உண்மைதானே? ஒரு வீடியோ இருந்துச்சு, அது வேற. அது நம்ம சேனல். சிங்கராயர் சவுண்ட்ஸ்னு யூடியூப்ல நம்ம சொந்தச் சேனல். பெட்டி செஞ்சு முடிச்ச சூட்டுல எடுத்துப் போட்டது. நம்ம சேனல்ல போடுறது நம்ம வீட்டு அலமாரியில வைக்கிற மாதிரி. பாத்தவங்க நானூறு பேர்கூட இருக்காது. அதுல பாதி நானே பாத்தது. ஆனா வீடியோ அருமையான வீடியோ தம்பி. மூடியைக் கழட்டி, ஸ்க்ரூடிரைவரால ஒவ்வொண்ணாத் தொட்டுத் தொட்டுக் காட்டியிருப்பேன். இது என்ன, அது எதுக்கு, எந்த ஒயர் எங்க போகுது, எந்த ரெசிஸ்டர் என்ன மதிப்பு, எல்லாம். பாக்குறவன் ஒருத்தனுக்கும் புரியாமப் போயிரக் கூடாதுல்ல? பிரகாசுதான் போனைப் பிடிச்சிருந்தான். அப்ப அவன் நம்மகிட்ட இருந்த நேரம்.

அதையெல்லாம் எதுக்கு அந்தப் பொண்ணுகிட்டச் சொல்லிக்கிட்டுன்னு விட்டுட்டேன்.

"கண்டுபிடிச்சவங்க யார் யார் சார்?"னு அடுத்த கேள்வி.

"எழுது. சிங்கராயர். அவ்வளவுதான்."

எழுதுச்சு. எழுதிக் காட்டுச்சு பாருங்க, என் பெட்டியை எனக்கே அடையாளம் தெரியலை. 'மேற்படி முதல் நிலைமாற்றியும் மேற்படி இரண்டாம் நிலைமாற்றியும் மேற்படி இடைவெளியும்'னு ஒரே வாக்கியம். ஒரு பக்கம் முழுக்க ஒரே வாக்கியம். எங்க ஃபாதர்கூடப் பிரசங்கத்துல நடுவுல ஒரு தடவை மூச்சு விடுவார். "இது என்னம்மா, முற்றுப்புள்ளி வைக்கக் காசு கேக்குறாங்களா?"ன்னேன். அப்படித்தான் எழுதணுமாம். நம்ம உரிமைக்கு அதுதான் வேலியாம். சரி, வேலி போட்டாச்சு. காத்திருந்தேன்.

காத்திருந்தேன்னா எப்படி? கல்யாணத்துக்குப் போட்ட பந்தல்ல காதுகுத்தே முடிஞ்சிரும், அப்படி. நடுவுல பிரகாசோட மகளுக்குப் புதுநன்மை வந்துச்சு, கோயில்ல முத தடவை நற்கருணை வாங்குற விசேஷம். சின்னப் பிள்ளை, வெள்ளைக் கவுனு போட்டுக்கிட்டுப் பத்திரிகை குடுக்க எங்க வீட்டுக்கே வந்துச்சு. "அத்தை, மாமாவையும் கூட்டிட்டு வாங்க"ன்னுச்சு. நான் பத்திரிகையை வாங்கி டிவி மேல வச்சேன். போகலை. வாக்குன்னா வாக்கு. லூர்து அன்னிக்குப் பூரா சமையக்கட்டை விட்டு வெளியே வரலை. நிறையப் பாத்திரம் சேந்து போச்சு போல.

ஒருவழியா பேட்டன்ட் ஆபீஸ்லேருந்து ஆய்வறிக்கை வந்துச்சு. அங்க ஒரு அதிகாரி உக்காந்து உலகத்துல உள்ள அத்தனை பழைய பேட்டன்டையும் தேடி, "இது புதுசு இல்லை"ன்னு சொல்றதுக்குத்தான் சம்பளம் வாங்குறார். என் ஒயருக்கு எதிரா ரெண்டு பேரை நிறுத்தியிருந்தார். ஒருத்தன் அமெரிக்காக்காரன், ஒருத்தன் ஜப்பான்காரன். திண்டுக்கல் சிங்கராயருக்கு எதிரா ஜப்பான்காரன்! படிச்சதும் எனக்கு ஒரு பக்கம் பெருமையாக்கூட இருந்துச்சு.

ஆனா ஒண்ணு மட்டும் உறுத்திக்கிட்டே இருந்துச்சு தம்பி. அவ்வளவு தேடினாரே, ஜப்பான் வரைக்கும் போய்த் தேடினாரே, என் வீடியோ அவர் கண்ணுல படலை. ஒரு வரி இல்லை அதைப் பத்தி. மனசுக்குக் கஷ்டமா இருந்துச்சு. தமிழ்ல பேசினா ஒருத்தனும் தேட மாட்டான் போல.

விசாரணைக்கு நாள் குறிச்சாங்க. விசாரணைன்னா கோர்ட்டு கூண்டு எல்லாம் இல்லை, வீடியோ கால். வீட்டுலேருந்தே பேசலாம் சார்னு பாப்பா சொல்லுச்சு. விடுவேனா? பெட்டியைத் தூக்கிக்கிட்டு மாம்பலத்துக்கே போயிட்டேன். எதுக்குப் பெட்டியா? அந்த லேப்டாப்புல வர்ற சத்தத்துல என் கேஸை நடத்தச் சொல்றீங்களா? கொசு ரீங்காரம் மாதிரி கேக்கும். என் ஆம்ப்ளிபையரை லேப்டாப்போட சேத்து, ரெண்டு ஸ்பீக்கரை ஆளுக்கொரு மூலையில வச்சேன். பாப்பா வேணாம் வேணாம்னுச்சு. "நீ கேஸைப் பாரு பாப்பா, சத்தத்தை நான் பாத்துக்கிறேன்"னேன்.

அதுக்கு முன்னாடி எனக்கு ஒரு பாடம் வேற எடுத்துச்சு. "சார், நான்தான் பேசுவேன். நீங்க பேச வேண்டாம். அவங்க உங்களை நேரடியாக் கேட்டா மட்டும், கேட்டதுக்கு மட்டும் பதில். ப்ளீஸ் சார்."

முப்பது வருஷம் மைக்கை ஊருக்கே எடுத்துக் குடுத்தவனைப் பாத்து மைக்கைத் தொடாதேங்குது. சரின்னு தலையாட்டினேன்.

அதிகாரி திரையில வந்தார். சின்ன வயசு, நல்ல தமிழ். "வணக்கம்"னார். அந்த வணக்கம் இருக்கே, மாடியே அதிர்ந்துச்சு. கீழே தையல் மிஷின் ரெண்டு நின்னு போச்சு. அப்படி ஒரு துல்லியம். அவரே கொஞ்சம் திகைச்சுட்டார். "என் குரல் எனக்கே திரும்பக் கேக்குதே"ன்னார். "அதுதான் சார் மேற்படி சாதனம்"னு நான் சொன்னேன். பாப்பா என் காலை மிதிச்சுச்சு. தெரியாமப் பட்டிருக்கும்.

அப்புறம் ஆரம்பிச்சுச்சு பாருங்க பாப்பா. உள்ளதைச் சொல்லணும், பரவாயில்லாமப் பேசுச்சு. அமெரிக்காக்காரன் பெட்டி சூட்டைப் பாத்துத்தான் இடைவெளியை மாத்துறான், சூடு ஏறின பிறகு மாத்தி என்ன பிரயோஜனம்? ஜப்பான்காரன் வீட்டுக் கரன்டுக்குச் செஞ்சிருக்கான், ஜெனரேட்டர் இறங்கும்னே அவனுக்குத் தெரியாது. எங்க கட்சிக்காரர்தான் கரன்ட் இறங்குறதை முன்கூட்டியே பாத்து மாத்துறார், இப்படி இதுக்கு முன்னாடி யாரும் செய்யலைன்னு. அதிகாரி குறிச்சுக்கிட்டே கேட்டார். குறுக்க ரெண்டு மூணு கேள்வி. எல்லாத்துக்கும் பதில் சொல்லுச்சு. கடைசியில அவர் பேனாவை வச்சுட்டு, "வித்தியாசம் புரியுது. இதை ஏத்துக்கலாம். உரிமைக் கோரிக்கையை மட்டும் கொஞ்சம் சுருக்கி எழுதிக் குடுங்க"ன்னார்.

அவ்வளவுதான். முடிஞ்சுது. பாப்பா மூஞ்சி விளக்குப் போட்ட மாதிரி ஆயிருச்சு. எனக்கு வத்தலக்குண்டு ரோட்டுல ஏணி வச்சுப் போர்டு இறக்குறது கண்ணுல தெரிஞ்சுது.

அப்ப அந்த அதிகாரி, மரியாதை தெரிஞ்ச மனுஷன், "சிங்கராயர் சார், நீங்க ஏதாவது சொல்ல விரும்புறீங்களா?"ன்னார்.

பாப்பா இல்லைன்னு தலையை ஆட்டுச்சு. அவரைப் பாத்து ஆட்டுச்சா, என்னைப் பாத்து ஆட்டுச்சான்னு தெரியலை. கேட்டதுக்குப் பதில் சொல்லணும்ல? அது சொன்ன விதிதானே?

"ஒரே ஒரு விஷயம் ஐயா. எங்க வக்கீலம்மா சின்னப் பிள்ளை, முக்கியமானதை விட்டுருச்சு. இந்த அமெரிக்காக்காரன் ஜப்பான்காரன் எல்லாம் எதுக்கு? நான்தான் முதல்ல செஞ்சவன்கிறதுக்கு என்கிட்டச் சாட்சி இருக்கு. தேதியோட இருக்கு. இந்த விண்ணப்பம் போடுறதுக்கு ரெண்டு வருஷம் முந்தியே உலகம் பாக்குற மாதிரி வீடியோவே போட்டுட்டேன்"னேன்.

பாப்பா லேப்டாப்பை எட்டிப் பிடிச்சுச்சு. சத்தம் கூட்டப் போகுதுன்னு நினைச்சு, "வேணாம்மா, நல்லாத்தான் கேக்குது"ன்னு நான் என் பக்கம் இழுத்துக்கிட்டேன். வீடியோ லிங்கை அங்கேயே எழுதி அனுப்பினேன். முன்கூட்டியே போன்ல எடுத்து வச்சிருந்தேன்ல.

அதிகாரி கீழ வச்ச பேனாவை மறுபடி எடுத்தார். அப்புறம் வீடியோவைத் திறந்தார். என் குரல் என் பெட்டி வழியாவே வருது. எப்படி இருந்திருக்கும்! "அன்பர்களே, இப்ப இந்த மூடியைக் கழட்டுறேன்"னு. முழுசாப் பாத்தார் தம்பி. தள்ளித் தள்ளி ஓட்டலை. ஃபாதர்கூட அவ்வளவு பொறுமையாப் பாக்கலை.

"சார், இந்தத் தேதி சரிதானா?"

"கல்வெட்டு மாதிரி ஐயா. மாத்தவே முடியாது. வேணும்னா யூடியூப்காரனையே கேளுங்க."

"எல்லாரும் பாக்கலாமா இதை? பூட்டு எதுவும் போடலையே?"

"நமக்கு ஒளிவு மறைவு கிடையாது ஐயா."

"வீடியோவுல இன்னொரு குரல் வருதே, அது யாரு?"

"என் மச்சினன் ஐயா. போன் பிடிச்சுக்கிட்டு இருந்தான். கண்டுக்காதீங்க."

"ஒரு இடத்துல அவர் சொல்றார்..." அவர் கொஞ்சம் பின்னால ஓட்டி மறுபடி போட்டார். மாடி முழுக்கப் பிரகாசு குரல்: "மச்சான், ஜெனரேட்டர்லேருந்து ஒரு ஒயரை இங்க கொண்டாந்து குடுத்துப் பாப்போமான்னு அன்னிக்கு நான் சொன்னேன்ல, அந்த ஒயரைக் காட்டுங்க."

என் குரல்: "இதோ, இதாண்டா."

"இது அவர் யோசனையா சார்?"

"ஐயா, அவன் ஆயிரம் சொல்லுவான். வாய் சும்மா இருக்காது அவனுக்கு. பத்த வச்சது யாரு? பெட்டி யாருது? கடை யாருது?"

அதிகாரி தலையை மட்டும் ஆட்டினார். "நன்றி. உத்தரவு பின்னால வரும்"னார். திரை கறுத்துப் போச்சு. எனக்கு ஒரே சந்தோஷம். திரும்பிப் பாத்தா பாப்பா மேஜையில நெத்தியை வச்சுக் கிடக்கு. பாவம், ரொம்ப நேரம் பேசியிருக்குல்ல. கீழேருந்து தையல்காரர் மாடியேறி வந்து, "அந்த மச்சினன் சொன்னதுதானே சார் கரெக்டு?"ங்கிறார். எவன் வீட்டுப் பிரச்சினைக்கு எவன் தீர்ப்புச் சொல்றது!

சிரிக்கிறீங்களா தம்பி? இல்லையா? இருமலா? தண்ணி இருக்கு, குடிங்க.

உத்தரவு வந்துச்சு. மறுப்பு. காரணம் கேளுங்க, நீங்களே நம்ப மாட்டீங்க. ஏற்கெனவே வெளியிடப்பட்டதாம். யார் வெளியிட்டது? சிங்கராயர் வெளியிட்டாராம். அதனால சிங்கராயருக்குக் கிடையாதாம். பாப்பாகிட்ட போன்ல கத்தினேன். அது பொறுமையா, பச்சைப் பிள்ளைக்குச் சொல்ற மாதிரி சொல்லுது: "சார், ஊருக்கெல்லாம் காட்டின பிறகு அது ஊர்ச் சொத்து. புதுசா இருக்கணும்கிறதுதான் சட்டம். நீங்க காட்டின அன்னிக்கே அது பழசாயிருச்சு. ஜப்பான்காரரை நான் சமாளிச்சுட்டேன். உங்களைத்தான் சமாளிக்க முடியலை."

எப்படி இருக்கு நியாயம்? நிலத் தகராறுல பழைய பத்திரம் வச்சிருக்கிறவன் ஜெயிப்பான். வீட்டுத் தகராறுல பழைய ரசீது வச்சிருக்கிறவன் ஜெயிப்பான். இங்க மட்டும் நான்தான் முந்தின்னு நிரூபிச்சவன் தோத்துப் போவானாம்! பொய் சொல்லியிருந்தா குடுத்திருப்பாங்க. உண்மையைச் சொன்னவனுக்குக் காலம் இல்லை தம்பி. அந்தப் பொண்ணும் முன்னாடியே விவரமா எடுத்துச் சொல்லியிருக்கணும். வாயையே திறக்கலை.

இப்ப ஊருக்கே கொண்டாட்டம். ஒட்டன்சத்திரத்துல ஒருத்தன் செய்யுறான், நத்தத்துல ஒருத்தன் செய்யுறான். எப்படிச் செய்யணும்னு சந்தேகம் வந்தா என் வீடியோவைப் பாக்குறான். இப்பத்தான் பாக்குறவங்க எண்ணிக்கை ஆயிரக்கணக்குல ஏறியிருக்கு. நல்ல விளக்கம்னு கீழே எழுதுறானுங்க. அதுல ஒரு திருப்தி.

அந்த உத்தரவுல ஒரு பத்தி வேற. 'காணொளியில் கேட்கும் இரண்டாவது குரலே இந்த அம்சத்தை முதலில் முன்மொழிந்ததாகத் தெரிகிறது'ன்னு. அந்த உத்தரவை எல்லாரும் பாக்குற மாதிரி போட்டுருவாங்களாம். பிரகாசு அதைத் தேடிப் பிடிச்சு, பெரிய எழுத்துல அடிச்சு, கண்ணாடிச் சட்டம் போட்டுக் கடையில மாட்டியிருக்கான். மாதா படத்துக்குப் பக்கத்துல. எனக்குக் கிடைக்காத சர்க்கார் காகிதம் அவனுக்குக் கிடைச்சிருச்சு. என் செலவுல.

அதோட விட்டானா? மறுநாள் மிக்ஸரும் லட்டும் வாங்கிக்கிட்டு வீட்டுக்கே வந்துட்டான். வாசல்ல நின்னுக்கிட்டு, "மச்சான், கேஸ்தான் முடிஞ்சுதே. அக்காவை வீட்டுக்கு அனுப்புங்க. பிள்ளை கேட்டுக்கிட்டே இருக்கா"ங்கிறான். நக்கல் பாத்தீங்களா?

நான் சொன்னேன், "பேட்டன்ட் வர்ற வரைக்கும் வாசப்படி மிதிக்கிறதில்லைன்னு கோயில் வாசல்ல சொன்னவன் நான்"னு.

"வரவே வராதுன்னு ஆயிருச்சே மச்சான். அப்ப என்ன கணக்கு?"

லூர்து உள்ளேருந்து வந்தா. ஏற்கெனவே சேலை மாத்தியிருந்தா. கையில ஒரு பை. "அவருக்குச் சோறு வடிச்சு வச்சிருக்கேன். ரசம் அடுப்புல இருக்கு"ன்னு, என்னைப் பாத்துச் சொல்லலை, சுவரைப் பாத்துச் சொன்னா. அவன் வண்டியில பின்னால ஏறி உக்காந்து போயிட்டா. அன்னிக்குப் போனவ நாலு நாள் இருந்துட்டுத்தான் வந்தா. பிள்ளைக்கு உடம்பு சரியில்லாம இருந்திருக்கும்.

இப்ப சென்னைக்கு எதுக்குப் போறேன்னு நீங்க கேக்கவே இல்லையே. நானே சொல்றேன். இதோ, மடியில இருக்குல்ல? புதுப் பெட்டி. புதுக் கண்டுபிடிப்பு. பாப்பாகிட்டப் பேசியாச்சு. முதல்ல "வேற வக்கீலைப் பாருங்க சார்"னுச்சு. அப்புறம் மனசு இரங்கி, "வாங்க, ஆனா விண்ணப்பம் போடுற வரைக்கும் ஒரு மனுஷன்கிட்டயும் வாயைத் திறக்காதீங்க, சத்தியமாத் திறக்காதீங்க"ன்னு மூணு தடவை சொல்லியிருக்கு. நான் யார்கிட்டச் சொல்லப் போறேன்? கடையில சொல்லலை, பிரகாசுகிட்டச் சொல்லலை. நீங்க யாரோ ஒரு வழிப்போக்கர். நீங்க என்ன வேலை பாக்குறீங்க தம்பி? ஸ்பீக்கர் கம்பெனியா? ஸ்ரீபெரும்புதூர் பக்கமா? அப்ப ரொம்ப நல்லதாப் போச்சு. உங்களுக்குச் சட்டுனு புரியும்.

விஷயம் இதுதான். மேடையில பேச ஆரம்பிச்சா சில பேர் நிறுத்தவே மாட்டான். துண்டுச்சீட்டு குடுத்தாலும் நிறுத்த மாட்டான். மணி அடிச்சாலும் நிறுத்த மாட்டான். மைக்கைப் பிடுங்கினா சண்டை. இந்தப் பெட்டி ஒரே குரல் ரொம்ப நேரம் ஓடுதான்னு கவனிச்சுக்கிட்டே இருக்கும். ஓடுச்சுன்னா, சத்தத்தை இழை இழையாக் குறைச்சுக்கிட்டே வரும். ஆனா பேசுறவன் பக்கத்துல வச்ச ஸ்பீக்கர்ல மட்டும் குறையாது. அவனுக்கு அவன் குரல் கணீர்னு கேட்டுக்கிட்டே இருக்கும். கூட்டத்துக்கு ஒண்ணும் கேக்காது. பேசுறவனுக்குத் தெரியவே தெரியாது, கேக்குறவனுக்கு நிம்மதி. எப்படி?

யோசனை என்னோடதுதான். லூர்து ஒருநாள் சாப்பாடு போடுறப்ப சும்மா வாய்ல வந்ததைச் சொன்னா, "இப்படி ஒரு மெஷின் செய்யக் கூடாதா நீங்க?"ன்னு. எந்த அரசியல்வாதியை நினைச்சுச் சொன்னாளோ தெரியலை. அவ சொன்னா, நான் செஞ்சேன். செஞ்சவன்தானே கணக்கு?

இந்தத் தடவை ஏமாற மாட்டேன் தம்பி. போன தடவை தப்பு என்னன்னு நல்லா யோசிச்சுப் பாத்துட்டேன். சாட்சி பழசாப் போச்சு, அதுதான் தப்பு. ரெண்டு வருஷம் பழசு. இந்தத் தடவை சுடச்சுட இருக்கணும். உங்க போன்ல வீடியோ நல்லா விழுமா? எடுங்க. ஜன்னலைக் கொஞ்சம் சாத்துங்க, காத்துச் சத்தம் வருது. இந்தப் பையை இப்படிப் பிரிச்சுக்கிறேன். மூடி கழண்டுதான் இருக்கு, ஸ்க்ரூடிரைவர் சட்டைப் பையில இருக்கு. எடுத்ததும் எனக்கு அனுப்பிருங்க, உளுந்தூர்ப்பேட்டை தாண்டுறதுக்குள்ள நம்ம சேனல்ல போட்டுரலாம். நீங்களும் உங்க கம்பெனிக்காரங்க எல்லாருக்கும் அனுப்புங்க. எத்தனை பேர் பாக்குறாங்களோ அத்தனை சாட்சி.

தேதி தெரியுதா பாருங்க. தெரியுதா? சிவப்புப் புள்ளி எரியுதா?

சரி. அன்பர்களே, இப்ப இந்த மூடியைக் கழட்டுறேன்.